ஜிட்டா, ஏஓடியா? முதலில் புரோகிராமின் ஆயுளைக் கேளுங்கள்

"ஜாவா கம்பைல் ஆகும் மொழியா, இன்டர்ப்ரெட் ஆகும் மொழியா?" என்று கேட்டால் "இரண்டும் சார்" என்று சொல்லப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மதுரையின் இலந்தைக்குளம் ஐடி பார்க்கானாலும் வடபழஞ்சியானாலும் இன்டர்வியூவில் அதற்கு மார்க் விழும். ஆனால் கீழமாசி வீதி மொத்தக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும்போதோ, ஒரு கல்லூரிக்குத் தேர்வு முடிவு சர்வர் ஏற்றும்போதோ அந்தப் பதில் சோறு போடாது. அங்கே தெரிய வேண்டியது வேறு. எழுதிய புரோகிராமை மெஷின் கோடாக, அதாவது சிப் நேரடியாக நிறைவேற்றும் கட்டளைகளாக மாற்றும் வேலை எந்த மெஷினில் நடக்கிறது? எப்போது நடக்கிறது? அந்த நேரத்தில் கம்பைலருக்கு என்னென்ன தெரியும்?

ஏஓடி என்றால் முன்கூட்டியே கம்பைல் செய்வது. சி, சி++, ரஸ்ட், கோ எல்லாம் இந்த வழி. வேலை நம் ஆபீஸ் மெஷினில் நடக்கிறது, அரைமணி நேரம் ஆனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நாளை எந்த டேட்டா வரும், எந்த இஃப் அதிகம் உண்மையாகும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ஜிட் என்றால் ஓடும்போதே கம்பைல் செய்வது. ஜாவாவின் ஹாட்ஸ்பாட், குரோமின் வி8, டாட்நெட் எல்லாம் இந்த வகை. வேலை நடப்பது வாடிக்கையாளரின் மெஷினில், அவர் காத்திருக்கும் நேரத்தில். அதற்கு ஈடாக, புரோகிராம் உண்மையில் எந்த வழியில் போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோடு எழுத முடிகிறது.

எது வேகம் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ப்ராசஸ் ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் கிளாஸ் ஃபைலும் பைத்தானின் பைசி ஃபைலும் மெஷின் கோடு அல்ல, பைட்கோடு, அதாவது இன்டர்ப்ரெட்டர் படித்து ஓட்டுவதற்கான இடைநிலைக் கோடு. பைசி ஃபைல் இருந்தால் மிச்சமாவது பார்ஸ் செய்து பைட்கோடாக்கும் நேரம் மட்டும். "பைத்தானை கம்பைல் பண்ணிட்டேன், ஆனா வேகம் கூடலை" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் விஷயம் இதுதான்.

போட்ட முதல் எப்போது திரும்பும்?

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மெத்தட் (புரோகிராமின் ஒரு செயல்பகுதி) இன்டர்ப்ரெட்டரில், அதாவது கம்பைல் ஆகாமல் ஒவ்வொரு கட்டளையாகப் படித்து ஓடினால் 50 மைக்ரோசெகண்ட், மெஷின் கோடானபின் 2 மைக்ரோசெகண்ட். கம்பைல் செய்ய 10 மில்லிசெகண்ட். ஒவ்வொரு அழைப்பிலும் 48 மைக்ரோசெகண்ட் மிச்சம். 10,000ஐ 48ஆல் வகுத்தால் 208 சொச்சம். ஆக 209வது அழைப்பில்தான் போட்ட முதல் திரும்புகிறது. அதற்குள் புரோகிராம் முடிந்துவிட்டால் நஷ்டம்தான். அதனால்தான் ஹாட்ஸ்பாட் மாதிரியான ஜிட்கள் எல்லா மெத்தடையும் கம்பைல் செய்வதில்லை. எண்ணிக்கொண்டே இருந்து, அடிக்கடி ஓடுவதை மட்டும் எடுக்கின்றன.

1999ல் வந்த ஹாட்ஸ்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வடிவத்தில் அதற்கு 0 முதல் 4 வரை ஐந்து படி. 0 இன்டர்ப்ரெட்டர். 1, 2, 3 மூன்றும் சி1 என்ற வேகமான, எளிய கம்பைலரின் வேலை. 4 என்பது சி2, நிதானமாக ஆழமாக யோசிக்கும் கம்பைலர். 1க்கும் 3க்கும் வித்தியாசம் என்னவென்றால், 3ல் கோடுக்குள்ளேயே எண்ணும் கருவிகள் வைக்கப்பட்டிருக்கும்: எந்தக் கிளை எத்தனை முறை, எந்த டைப் ஆப்ஜெக்ட் எத்தனை முறை என்று. சி2வுக்கு அந்தக் கணக்கு வேண்டும். இயல்பான அமைப்பில் சுமார் 200 அழைப்பைத் தாண்டினால் 3வது படி, சுமார் 5,000 அழைப்பைத் தாண்டினால் 4வது படி. மெத்தடுக்குள் லூப் இருந்தால் லூப் சுற்றும் எண்ணிக்கையும் சேரும், கணக்கு மாறும்.

இதைக் கடையில் வைத்துப் பாருங்கள். ஒரு மளிகை மொத்தக்கடை, நாளுக்கு 250 பில், பில்லுக்கு 15 ஐட்டம். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரி கணக்கிடும் மெத்தட் ஒருமுறை ஓடுகிறது. நாள் முழுக்க 3,750 அழைப்பு. 14வது பில்லில் 200ஐத் தாண்டி 3வது படிக்கு ஏறிவிடும். 5,000ஐத் தொடுவதற்குள் கடையைச் சாத்தி மெஷினை ஆஃப் செய்துவிடுவார்கள். நடுவே கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து, ஏனென்றால் ஹாட்ஸ்பாட் தான் கற்றதை வழக்கமாக டிஸ்க்கில் எழுதி வைப்பதில்லை. ஆக, அந்த மெத்தட் ஆயுள் முழுக்க 3வது படியிலேயே கிடக்கும். எண்ணும் கருவிகளின் பாரத்தால் 3வது படிக் கோடு 2வது படிக் கோடைவிடச் சராசரியாக 30 சதவீதம் மெதுவானது என்று ஹாட்ஸ்பாட்டின் சோர்ஸ் கோடிலேயே குறிப்பு இருக்கிறது. சி2 வரும் என்று கணக்கெடுத்துக்கொண்டே இருக்கிறது, சி2 வருவதே இல்லை.

இந்த மாதிரி கவுன்டர் மெஷினுக்கு 'டயர்டுஸ்டாப்அட்லெவல்' என்ற ஃபிளாகை 1 என்று வைத்துவிடலாம். சி1 மட்டும் வேலை செய்யும், எண்ணும் கருவி இருக்காது, மெமரியும் குறையும். சர்வரில் இதைச் செய்யாதீர்கள், உச்ச வேகம் கைக்கு வராது.

உள்ளதைச் சொல்வதானால், கவுன்டரில் இருப்பவருக்கு இந்த மைக்ரோசெகண்ட் எதுவும் தெரியப் போவதில்லை. அவருக்குத் தெரிவது காலையில் ஐகானைத் தட்டியதிலிருந்து முதல் பில் திரைக்கு வரும் வரைக்குமான நேரம். அந்த நேரத்தைத் தின்பது கம்பைல் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான கிளாஸ்களை ஜார் என்ற பொதி ஃபைலிலிருந்து எடுத்து, சரிபார்த்து, ஒன்றோடொன்று இணைக்கும் வேலைதான் பெரும்பங்கு.

உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க

'பிரின்ட்கம்பைலேஷன்' என்ற ஃபிளாகைப் போட்டு ஜாவா புரோகிராமை ஓட்டுங்கள். வரிவரியாகக் கொட்டும். முதல் எண் ஸ்டார்ட் ஆனதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட். அடுத்தது கம்பைல் வரிசை எண். பிறகு சில குறிகள், அதன்பின் படி எண், மெத்தட் பெயர், கடைசியில் பைட்கோடு அளவு. குறிகளில் சதவீதக் குறி வந்தால், நீளமான லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புதுக் கோடுக்கு மாற்றப்பட்டது என்று பொருள். அதே மெத்தட் முதலில் 3 என்றும், கொஞ்ச நேரம் கழித்து 4 என்றும் வரும். உடனே பழைய 3வது படி வடிவம் 'மேட் நாட் என்ட்ரன்ட்' என்று அறிவிக்கப்படும். இனி அந்தப் பழைய கோடுக்குள் யாரும் புதிதாக நுழைய முடியாது என்று அர்த்தம். இது எர்ரர் அல்ல, பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது, 4வது படிக் கோடுக்கே அந்த அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும்போது.

4வது படி வரை ஏறும் அளவுக்குக் கூட்டமுள்ள வேறொரு பெரிய கடை. விலை கணக்கிட ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு மூன்று கிளாஸ்: சில்லறை, மொத்தம், கடன். காலையிலிருந்து சில்லறை வாடிக்கையாளர் மட்டுமே வருகிறார்கள். ஜிட் அதைக் கவனித்து, "இங்கே எப்போதும் சில்லறை கிளாஸ்தான்" என்று நம்பி, அந்த மெத்தடின் உடம்பை அழைக்கும் இடத்திலேயே இன்லைன் செய்துவிடும். முன்னால் ஒரு சின்னக் காவல் சோதனை மட்டும் இருக்கும். பதினொரு மணிக்கு முதல் மொத்த வாடிக்கையாளர் வருகிறார். காவல் சோதனை தோற்கிறது. கம்பைல் ஆன கோடு தூக்கி எறியப்பட்டு, அந்த அழைப்பு இன்டர்ப்ரெட்டருக்குத் திரும்புகிறது. இதுதான் டீஆப்டிமைசேஷன். மறுபடி எண்ணி, இரண்டு கிளாஸுக்கும் இடம் வைத்துப் புதுக் கோடு வரும். ஹாட்ஸ்பாட் ஓர் அழைப்பிடத்தில் இயல்பாக இரண்டு டைப் வரைதான் நினைவில் வைக்கும். மூன்றாவதாகக் கடன் கிளாஸும் கணிசமாக வந்தால் இன்லைனைக் கைவிட்டு, டேபிள் பார்த்து அழைக்கும் பழைய முறைக்கே போய்விடும். அதனால் பெரிய லூப்புக்குள் பத்து விதமான கிளாஸ்களைக் கலந்து ஓட்டுவதைவிட, டைப் வாரியாகப் பிரித்துத் தனித்தனி லூப்பாக ஓட்டுவது நல்ல பலன் தரும்.

இன்னும் இரண்டு எல்லைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பைட்கோடு 8,000 பைட்டைத் தாண்டிய மெத்தடை ஹாட்ஸ்பாட் இயல்பாக கம்பைல் செய்யவே செய்யாது, என்றென்றும் இன்டர்ப்ரெட்டர்தான். ஜெனரேட்டர் எழுதித் தள்ளும் ராட்சத மெத்தட்களில் இது நடக்கும், காரணம் தெரியாமல் திண்டாடுவார்கள். இரண்டாவது, கம்பைல் ஆன கோடு தங்கும் கோடு கேஷ். இயல்பு அளவு 240 எம்பி. அது நிரம்பினால் 'கோடு கேஷ் இஸ் ஃபுல், கம்பைலர் ஹேஸ் பீன் டிஸேபிள்டு' என்று லாகில் ஒரு வரி வரும், அதன்பின் சர்வர் காரணமில்லாமல் நொண்டுவது போலத் தோன்றும். நாட்கணக்கில் ஓடும் பெரிய அப்ளிகேஷனில் அந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏஓடிக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது

ஜிட்டுக்கு மட்டும்தான் ப்ரொஃபைல், அதாவது எந்தப் பாதை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு கிடைக்கும் என்பது பழைய கதை. சி, சி++ கம்பைலரான ஜிசிசியில் 'ப்ரொஃபைல் ஜெனரேட்' ஃபிளாகோடு கம்பைல் செய்து, உண்மையான டேட்டாவில் ஓட்டி, வரும் ஜிசிடிஏ ஃபைல்களை வைத்து 'ப்ரொஃபைல் யூஸ்' ஃபிளாகோடு மறுபடி கம்பைல் செய்தால், எந்தக் கிளை சூடு என்று ஏஓடி கம்பைலருக்கும் தெரிந்துவிடும். கோ மொழியில் இன்னும் சுலபம். 2023 ஆகஸ்டில் வந்த 1.21 முதல், சிபியு ப்ரொஃபைலை 'டிஃபால்ட்.பிஜிஓ' என்ற பெயரில் மெயின் பேக்கேஜ் ஃபோல்டரில் வைத்தால் போதும், பில்ட் தானாக எடுத்துக்கொள்ளும்.

இதில் தவறு நடக்கும் இடம், பயிற்சி டேட்டா. சோதனைக்கு வைத்திருக்கும் பத்து வரி சிஎஸ்வியை ஓட்டி ப்ரொஃபைல் எடுத்தால், உண்மையில் சூடான பாதையை கம்பைலர் குளிர்ந்த பாதை என்று எண்ணி ஓரத்தில் ஒதுக்கிவிடும். மாதக் கடைசி கணக்கு, ரிட்டர்ன் பில், இன்வென்டரி அப்டேட் எல்லாம் உள்ள உண்மையான ஒரு நாள் டேட்டா வேண்டும்.

பழைய மெஷினில் புது பைனரி

மதுரைக் கடைகளுக்கு சாஃப்ட்வேர் கொடுப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப், செலரான் அல்லது பென்டியம் சிப், 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. இதுதான் நிறைய கவுன்டர்களில் நிஜம். ஜிட் இருக்கும் மொழியில் இந்த மெஷின் ஒரு பொருட்டே அல்ல. ஓடும் சிப்பைப் பார்த்து அதற்கேற்ற கோடைத்தான் ஜிட் எழுதும். ஏஓடியில் அந்த முடிவை நீங்கள் முன்கூட்டியே எடுத்துவிட்டீர்கள்.

சி++ல் 'மார்ச் நேட்டிவ்' போட்டு உங்கள் புது லேப்டாப்பில் கம்பைல் செய்தால், அந்த லேப்டாப்பின் எல்லா இன்ஸ்ட்ரக்‌ஷனும் பைனரிக்குள் போய்விடும். கடையில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று சாகும். அதுவும் ஸ்டார்ட் ஆகும்போதே என்றில்லை, அந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் வரும் ரிப்போர்ட்டைத் திறக்கும்போதுகூட இருக்கலாம். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுதி இன்டெலில் 2013ன் ஹாஸ்வெல் தலைமுறையில் வந்தது. ஆனால் அதற்குப் பல வருடம் பின்னால் வந்த செலரான், பென்டியம் டெஸ்க்டாப் சிப்களிலும் அது இல்லை. வருடத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' கட்டளையின் ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் சிபியு-இசட் காட்டும்.

ஜாவா புரோகிராமை ஏஓடியில் நேரடி பைனரியாக்கும் கிரால்விஎம் நேட்டிவ் இமேஜில் இதே பொறி இன்னும் ஆழமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் எதுவும் போடாவிட்டாலே இன்டெல், ஏஎம்டி சிப்களுக்கு அதன் இயல்பு இலக்கு எக்ஸ்86-64-வி3, அதாவது ஏவிஎக்ஸ்2 உள்ள சிப். பழைய மெஷினில் ஸ்டார்ட் ஆகும்போதே, தேவையான சிபியு வசதிகள் இந்த மெஷினில் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பில்டில் 'மார்ச்' ஆப்ஷனுக்கு 'கம்பாட்டிபிலிட்டி' என்று கொடுத்தால் தீர்ந்தது. கோ மொழி இந்த விஷயத்தில் பத்திரமானது. அதன் இயல்பு இலக்கு வி1, எல்லா 64 பிட் சிப்பிலும் ஓடும். ஆனால் கோவில் வேறொரு பொறி: விண்டோஸ் 7ல் ஓடும் கடைசி பதிப்பு 1.20. 1.21 முதல் விண்டோஸ் 10 வேண்டும்.

லினக்ஸில் சிப் பிரச்சினையைத் தாண்டினால் ஜிலிப்சி, அதாவது பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. உபுன்டு 22.04ல் பில்ட் செய்ததை 20.04ல் ஓட்டினால், 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' என்று வருவது அன்றாடக் காட்சி. 22.04ல் இருப்பது 2.35, 20.04ல் 2.31. புதியதில் பழையது ஓடும், பழையதில் புதியது ஓடாது. ஆகவே, ஆதரிக்க வேண்டியவற்றிலேயே மிகப் பழைய டிஸ்ட்ரோவின் கன்டெய்னருக்குள் பில்ட் செய்யுங்கள். கோவில் சி கோடைச் சேர்க்கும் வசதியான சிஜிஓவை 0 ஆக்கிவிட்டால் பெரும்பாலும் இந்தத் தலைவலியே இல்லை.

ஜாவாவை நேட்டிவ் ஆக்கும்போது உடைபவை

நேட்டிவ் இமேஜ் மூடிய உலகம் என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறது. மெயினிலிருந்து எட்டக்கூடிய கோடு மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. பெயரை ஸ்ட்ரிங்காக வைத்து ரிஃப்ளெக்‌ஷனில் கிளாஸை எடுக்கும் இடங்கள் அதன் கண்ணுக்குப் படாது. ஜேசன் லைப்ரரி, ஓஆர்எம் (டேட்டாபேஸ் வரிகளை ஆப்ஜெக்ட்டாக மாற்றுவது), ரிப்போர்ட் லைப்ரரி எல்லாம் இதைத்தான் செய்கின்றன. பில்ட் சுத்தமாக முடியும், புரோகிராமும் திறக்கும், ஒரு குறிப்பிட்ட ஸ்கிரீனைத் தொட்டதும் 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்' வரும்.

வழி இருக்கிறது. ஜாவாவை வழக்கமாக ஓட்டும் ஜேவிஎம்மில் 'நேட்டிவ் இமேஜ் ஏஜென்ட்'டை மாட்டி ஓட்டினால், ரிஃப்ளெக்‌ஷனில் தொட்டதையெல்லாம் மெட்டாடேட்டா ஃபைலாக எழுதித் தரும். அதை 'மெட்டா-இன்ஃப்' ஃபோல்டரின் கீழ் 'நேட்டிவ்-இமேஜ்' என்ற ஃபோல்டரில் வைத்து பில்ட் செய்ய வேண்டும். ஏஜென்ட் ஓடும்போது நீங்கள் திறக்காத ஸ்கிரீன் அதன் கணக்கில் இல்லை. பில் போடுவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், ரிட்டர்ன் பில்லும் வருடாந்திர ரிப்போர்ட்டும் கடையில்தான் உடையும். ஸ்கிரீன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

தமிழில் பில் அடிப்பவர்களுக்கு இன்னொன்று. நேட்டிவ் இமேஜ் எல்லா லொகேலையும் (மொழிக்கேற்ற தேதி, எண் அமைப்புகள்) உள்ளே வைப்பதில்லை. தமிழ் லொகேல் சேராவிட்டால் தேதியில் "ஜனவரி" வர வேண்டிய இடத்தில் ஆங்கில மாதப் பெயர் வந்து நிற்கும், எர்ரர் எதுவும் வராது. 'இன்க்ளூட்லொகேல்ஸ்' ஆப்ஷனில் தமிழின் இரண்டெழுத்துக் குறியைக் கொடுக்க வேண்டும். பழைய டேட்டாவை யுடிஎஃப்-8 அல்லாத ஃபைலிலிருந்து படிப்பதாக இருந்தால் 'ஆட்ஆல்சார்செட்ஸ்' ஆப்ஷனையும் பாருங்கள்.

பில்ட் மெஷினுக்கு நல்ல ராம் வேண்டும். ஒரு ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை 4 ஜிபி மெஷினில் நேட்டிவ் ஆக்க முயலவே வேண்டாம், ஸ்வாப்பில் சிக்கி உயிரை எடுக்கும். விண்டோஸ் பைனரி வேண்டுமென்றால் விண்டோஸில்தான் பில்ட் செய்ய வேண்டும், லினக்ஸிலிருந்து கிராஸ் கம்பைல் கிடையாது.

நடுவழி

இத்தனை பாடு வேண்டாம், ஸ்டார்ட் நேரம் குறைந்தால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஜேடிகே என்ற ஜாவா டெவலப்மென்ட் கிட்டின் ஏஓடி கேஷ். 2017ல் ஜேடிகே 9ல் 'ஜேஏஓடிசி' என்று ஒரு ஏஓடி கம்பைலர் சோதனையாக வந்தது, யாரும் பெரிதாகத் தொடவில்லை, 2021ல் 17ல் நீக்கிவிட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த 24ல் ஏஓடி வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. மெஷின் கோடை அல்ல, கிளாஸ்களை ஏற்றி இணைத்த நிலையைச் சேமிக்கிறது. ஸ்பிரிங் பெட்கிளினிக் என்ற மாதிரி அப்ளிகேஷன், சுமார் 21,000 கிளாஸ், ஸ்டார்ட் ஆக 4.486 விநாடி எடுத்தது கேஷோடு 2.604 விநாடிக்கு வந்தது என்று அதை அறிவித்த ஜெப் 483 (ஜாவா மேம்பாட்டு முன்மொழிவு) ஆவணம் சொல்கிறது. கோடில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

24ல் மூன்று படி. முதலில் 'ஏஓடிமோட்'டை 'ரெக்கார்டு' என்று வைத்து ஒருமுறை ஓட்டி கான்ஃபிகரேஷன் ஃபைல் எடுக்க வேண்டும். பிறகு 'கிரியேட்' என்று வைத்து அதிலிருந்து கேஷ் செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் 'ஏஓடிகேஷ்' ஃபிளாகில் அந்த ஃபைலைக் காட்டி ஓட்ட வேண்டும். 25ல் 'ஏஓடிகேஷ்அவுட்புட்' ஃபிளாக் வந்து முதல் இரண்டு படியும் ஒன்றாகிவிட்டது. 25ல் மெத்தட் ப்ரொஃபைலும் கேஷுக்குள் சேர்கிறது. அதாவது மேலே சொன்ன "கற்றதை எழுதி வைப்பதில்லை" என்ற குறை இங்கேதான் தீரத் தொடங்குகிறது.

கேஷ் எடுத்த அதே ஜேடிகே பதிப்பு, அதே ஓஎஸ், அதே கிளாஸ்பாத் இருக்க வேண்டும். ஜாரை மாற்றினால் கேஷ் செல்லாது, ஆனால் புரோகிராம் நிற்காது. கேஷை விட்டுவிட்டுப் பழைய வேகத்திலேயே ஓடும், நீங்களும் கேஷ் வேலை செய்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பீர்கள். சோதிக்கும்போது 'ஏஓடிமோட்'டை 'ஆன்' என்று வையுங்கள். அப்போது கேஷ் பொருந்தாவிட்டால் புரோகிராம் ஸ்டார்ட் ஆகாமல் நின்று காட்டிக்கொடுக்கும்.

ஆண்ட்ராய்டு

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கணக்குக்கு ஒரு ஆப் என்று வையுங்கள். விடியற்காலையில் மல்லிகை மூட்டைகள் இறங்கும் நேரம், கையில் 3 ஜிபி ராம் போன். ஆப் திறக்கத் தாமதமானால் துண்டுச் சீட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

ஆண்ட்ராய்டு இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டம். 2010ல் 2.2ல், ஆப்களை ஓட்டும் டால்விக் என்ற எஞ்சினுக்கு ஜிட் வந்தது. 2014ல் 5.0ல் அதன் இடத்தில் ஏஆர்டி, முழு ஏஓடி: இன்ஸ்டால் ஆகும்போதே எல்லாம் கம்பைல். இன்ஸ்டால் நேரம் நீண்டது, ஸ்டோரேஜ் தின்றது, ஒவ்வொரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பின்னும் ஆப்களை ஆப்டிமைஸ் செய்வதாக ஒரு நீண்ட கணக்கு ஓடும், நினைவிருக்கும். 2016ல் 7.0ல் கலவை: முதலில் இன்டர்ப்ரெட்டரும் ஜிட்டும், சூடான மெத்தட்களின் ப்ரொஃபைல் சேமிப்பு, பிறகு போன் சும்மா சார்ஜில் கிடக்கும்போது அவற்றுக்கு மட்டும் ஏஓடி. அதனால்தான் புதிதாக ஏற்றிய ஆப் முதல் நாள் மந்தமாகவும் இரண்டு ராத்திரி சார்ஜ் ஏறியபின் சுறுசுறுப்பாகவும் தெரிகிறது.

அந்த முதல் நாளைக் காப்பாற்றத்தான் பேஸ்லைன் ப்ரொஃபைல். திறக்கும்போது தேவைப்படும் கிளாஸ், மெத்தட் பட்டியலை ஆப்போடு சேர்த்தே அனுப்பினால் இன்ஸ்டாலிலேயே அவை கம்பைல் ஆகிவிடும். முதல் திறப்பிலிருந்தே கோடு ஓடும் வேகம் சுமார் 30 சதவீதம் கூடும் என்று கூகுள் ஆவணம் சொல்கிறது. ப்ரொஃபைல் எடுக்கும் டெஸ்டில் லாகின் பக்கத்தோடு நிறுத்தாமல், வரவு பதியும் ஸ்கிரீன், பட்டியலை ஸ்க்ரோல் செய்வது வரை போங்கள். அளக்கும்போது கூகுளின் அளவிடும் லைப்ரரியான மேக்ரோபெஞ்ச்மார்க்கில் கம்பைலேஷன் மோடை 'நன்' என்றும் 'பார்ஷியல்' என்றும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். டீபக் பில்டில் அளந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. ஆப் எழுத உதவும் கூகுளின் ஃப்ளட்டருக்கும் இதுவே விதி. டீபகில் ஹாட் ரீலோட் கிடைப்பது ஜிட்டால்தான், ரிலீஸ் முழுக்க ஏஓடி. உண்மைப் போனில் ப்ரொஃபைல் மோடில் மட்டும் அளக்கவும்.

சர்வர்

இங்கே ஜிட்டின் பக்கம் நான் உறுதியாக நிற்கிறேன். நாட்கணக்கில் ஓடும் சர்வரில் முதல் சில நிமிடச் செலவு ஒன்றுமே இல்லை, சி2 தரும் உச்ச வேகம் பெரிது. ஃபேஸ்புக் 2010ல் பிஎச்பியை முன்கூட்டியே சி++ ஆக்கி கம்பைல் செய்துபார்த்துவிட்டு, 2013ல் எச்எச்விஎம் என்ற ஜிட்டுக்கு மாறியதையும் நினைவில் வையுங்கள்.

சிக்கல், சர்வரை ஏற்றிய அடுத்த நிமிடமே கூட்டம் பாயும்போது. தேர்வு முடிவு நாள் அப்படித்தான். பத்து மணிக்கு முடிவு என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் புது வெர்ஷனை ஏற்றுவார்கள். பத்து மணிக்கு எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். கோடு இன்னும் இன்டர்ப்ரெட்டரில், கம்பைலர் த்ரெட்களும் ரிக்வெஸ்ட் த்ரெட்களும் ஒரே சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். கன்டெய்னருக்கு 0.5 சிபியு என்று கட்டுப்பாடு வைத்திருந்தால் இன்னும் மோசம், வார்ம்-அப் இழுத்துக்கொண்டே போகும். அன்றைக்காவது 2 சிபியு கொடுங்கள்.

திறப்பதற்கு முன் சர்வரைச் சூடாக்குங்கள். உண்மையான பதிவெண்களை வைத்து, அதே யூஆர்எல், அதே டேட்டாபேஸ் வழியாகப் பல ஆயிரம் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். தேர்ச்சி பெற்றவர், அரியர் வைத்தவர், முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர், தப்பான எண் எல்லாம் கலந்திருக்க வேண்டும். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் பதில் கேஷிலிருந்து வந்துவிடும், டேட்டாபேஸ் பாதை குளிர்ந்தே கிடக்கும். தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் அனுப்பினால் முதல் அரியர் மாணவர் வந்ததும் டீஆப்டிமைசேஷன். பிரின்ட்கம்பைலேஷனில் 4வது படி வரிகள் அடங்கியபின் ரெடினெஸ் புரோபை, அதாவது சர்வர் தயார் என்று சொல்லும் சோதனையைத் திறந்துவிடுங்கள்.

பிஎச்பியில் இதே சர்வரை எழுதியிருந்தால் 2020ல் 8.0ல் வந்த ஜிட்டைத் தேடி ஓட வேண்டாம். வெப் பக்கத்தின் நேரம் பெரும்பாலும் டேட்டாபேஸுக்குக் காத்திருப்பதில் போகிறது, அதை எந்த கம்பைலரும் குறைக்காது. பிஎச்பியின் பைட்கோடை மெமரியில் சேமிக்கும் ஓபிகேஷ் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பெரிய லாபம் அங்கேதான். 'வேலிடேட் டைம்ஸ்டாம்ப்ஸ்' 0 என்று இருந்தால் புதுக் கோடு ஏற்றியபின் ஓபிகேஷை ரீசெட் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் பழைய கோடுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அளப்பது

ஜாவாவில் லூப்பைச் சுற்றி நேரம் பார்த்து "இவ்வளவு மைக்ரோசெகண்ட்" என்று எழுதாதீர்கள். முதல் சுற்றுகள் இன்டர்ப்ரெட்டர், நடுச் சுற்றுகள் சி1, கடைசிச் சுற்றுகள் சி2, மூன்றையும் கலந்த சராசரிக்கு அர்த்தம் இல்லை. விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் சி2 லூப்பையே அழித்துவிடும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் வந்து உங்களை மகிழ்விக்கும். ஜாவாவின் அளவிடும் கருவியான ஜேஎம்எச் பயன்படுத்துங்கள், வார்ம்-அப் சுற்றுகளைத் தனியாக வைக்கும், விடையை பிளாக்ஹோலில் போட வசதி தரும். பைத்தானில் நம்பா என்ற ஜிட் லைப்ரரி என்றால் முதல் அழைப்பில் கம்பைல் நேரமும் சேர்ந்திருக்கும், இரண்டாவதிலிருந்து அளக்கவும். இன்டிஜர் அரேக்கு ஒன்று, ஃப்ளோட் அரேக்கு ஒன்று என்று டைப் வாரியாகத் தனித்தனியே கம்பைல் ஆகும் என்பதும் நினைவிருக்கட்டும். 'கேஷ்' ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் அடுத்த ரன்னில் கம்பைல் செலவு இல்லை, சோர்ஸ் ஃபைலோ சிப்போ மாறினால் மறுபடி கம்பைல் ஆகும்.

ஸ்டார்ட் நேரமும் உச்ச வேகமும் வேறு வேறு எண்கள், ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். ஸ்டார்ட் நேரத்துக்கு ப்ராசஸைப் புதிதாகத் தொடங்கிப் பல முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள், முதல் ரன்னைத் தனியாகக் குறித்துவையுங்கள், ஏனென்றால் அதில் டிஸ்க்கிலிருந்து ஃபைல் படிக்கும் நேரமும் இருக்கிறது. காலையில் கடை திறப்பவருக்குத் தெரிவது அந்த முதல் ரன்தான்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் அளந்தால் சிப் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலை எண்ணும் மதியம் எண்ணும் ஒத்துவராது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதும் அப்படியே. இரண்டு வடிவங்களை ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றை முழுக்க ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றி ஓட்டுங்கள், சூட்டின் பாதிப்பு இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படும். கவுன்டரில் வைக்கப் போகும் அதே செலரான் மெஷின் ஒன்றை ஆபீஸில் வாங்கிப் போடுங்கள், ரிலீஸுக்கு முந்தைய அளவுகள் அனைத்தும் அதில்தான் எடுக்கப்பட வேண்டும்.